அஞ்சலில் வந்த பழமை



திருவனந்தபுரத்தைக் கண்டவர்கள் பழவங்காடியை அறிவார்கள். தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்திலிருந்து பத்மநாப சுவாமி கோயிலுக்குச் செல்லும் வழியில், கிழக்குக் கோட்டை வாயிலுக்கு அருகே, பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். நேர்ந்துகொண்டவர்கள் தேங்காய் உடைக்கும் ஒலி அச்சந்நிதியில் ஓய்வதில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவில் சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது. நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து, தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்யும் தமிழர் பலர் அத்தெருவில் உள்ளனர். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கும் நான், பழவங்காடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அஞ்சலில் வந்த கனமான கட்டு ஒன்றைக் கீழ்வீட்டு அண்ணாச்சி வாங்கி வைத்திருந்தார். அவர் சாலைத் தெருவில் மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர்; வயது அறுபதைக் கடந்தவர். "பிள்ளைகளுக்கான பாடப் புத்தகமா, தம்பி?" என்று கேட்டார். "இல்லை, அண்ணாச்சி, எனக்குத்தான். அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படிக்கிறேன். முதல் பாடமே கிரேக்கமும் உரோமாபுரியும்" என்றேன். அவர் சிரித்தார். "நாற்பது வயதுக்கு மேல் ரோமாபுரிக் கதை எதற்கு? சம்பளம் கூடுமா?" என்றார்.

கூடாது. அப்பட்டத்தால் என் சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அதற்கு நான் கண்ட விடையே இப்பேச்சு. தாய்மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலரின் உள்ளத்திலும் இக்கேள்வி எழுந்திருக்கக் கூடும் என்பதால் இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

கல்லூரிக்குச் செல்லாமலே பட்டம் பெறலாம் என்னும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1836ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகம், 1858ஆம் ஆண்டின் சாசனத்தால் தன் தேர்வுகளின் கதவைத் திறந்துவிட்டது. மருத்துவம் நீங்கலாகப் பிற துறைகளில், எங்கே படித்தாலும், தனியே படித்தாலும், தேறியவர்க்குப் பட்டம் உண்டு என்பது அதன் விதி. கடல் கடந்த நாடுகளிலும் அத்தேர்வுகள் நடைபெறலாயின. இலங்கையில் 1921ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, இலண்டன் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர், பகலில் பள்ளியில் பாடம் சொல்லி, இரவில் விளக்கடியில் அத்தேர்வுகளுக்குப் படித்தனர்.

1857ஆம் ஆண்டில் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகமும் இலண்டனை முன்மாதிரியாகக் கொண்டதே. தொடக்க காலத்தில் அது பாடம் சொல்லும் இடமாக இல்லாமல், தேர்வு வைக்கும் அமைப்பாகவே இருந்தது. அதன் முதற் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. அவர்கள் பயின்ற வட்டுக்கோட்டைக் குருமடம் 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. தாமோதரம் பிள்ளை பின்னர் அரசுப் பணியிலும் நீதிபதிப் பதவியிலும் இருந்துகொண்டே ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்ததற்குக் காரணமானவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்பவர்.

அலுவல் பார்த்துக்கொண்டே பழமையைப் பயின்றவர் வேறொருவரும் உண்டு. அவர் வி. கனகசபை பிள்ளை, பணியாற்றியதோ அஞ்சல் துறையில். மக்ரிண்டில் என்பார் கிரேக்க மாலுமியின் கடற்பயண நூலையும் தாலமியின் நிலநூலையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டிருந்தார். அத்தகைய மொழிபெயர்ப்புகளை ஒரு கையிலும், அச்சேறாத தமிழ்ச் சுவடிகளை மறு கையிலும் வைத்துக்கொண்டு, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றிய தம் ஆங்கில நூலைக் கனகசபை பிள்ளை எழுதினார். அது 1904இல் வெளிவந்தது. அவர் கொண்ட கால முடிவுகள் சில இன்று மறுக்கப்படுகின்றன. எனினும், யவனர் குறிப்பையும் சங்கப் பாட்டையும் அருகருகே வைத்து நோக்கும் வழியை ஆங்கிலம் கற்ற உலகுக்குக் காட்டிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. யாரோ ஒருவர் மேசையில் குனிந்து செய்த மொழிபெயர்ப்பு, கடல் கடந்து வந்து வேறொருவர்க்கு வழிகாட்டுகிறது!

திருவனந்தபுரத்துக்கும் இதில் பங்குண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளைக்குக் கல்வெட்டுப் படிக்கக் கற்பித்த வகுப்பு எதுவுமில்லை. தாமே வட்டெழுத்தைப் பயின்று, கோயில் கோயிலாகச் சென்று படியெடுத்து, 1894இல் திருவிதாங்கூரின் பண்டை அரசர் சிலரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். மூன்றாண்டுகள் கழித்து அவர் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான். நாகப்பட்டினத்திலிருந்து வேதாசலம் என்னும் இளைஞர் அவருக்குச் செய்யுளில் கடிதம் எழுதித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பிற்காலத்தில் மறைமலையடிகள் என்று தமிழகம் போற்றியவர் அந்த இளைஞரே. அஞ்சல் வழிக் கல்வி என்னும் சொல் பிறப்பதற்கு முன்னரே, அஞ்சல் வழியாகக் கல்வி நடந்திருக்கிறது என்பதற்கு இவையெல்லாம் அடையாளங்கள்.

விடுதலை பெற்ற பாரதத்தில் இது முறையான ஏற்பாடாயிற்று. டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 1962ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் வந்தன. 1985இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும், கேரளத்தில் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ நாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2020இலும் அமைந்தன. பிரிட்டனில் 1971இல் பாடம் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம், வானொலியையும் தொலைக்காட்சியையும் துணைக்கொண்டு கற்பித்தது. இலத்தீனும் கிரேக்கமும்கூடத் தொலைவிலிருந்தே அங்கே கற்பிக்கப்படுகின்றன.

இம்முறையில் படிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடநூல்கள் வீடு தேடி வரும். படித்து, குறித்த நாளுக்குள் கட்டுரைகள் எழுதி அனுப்ப வேண்டும். இவற்றை ஒப்படைப்பு என்பார்கள். முகம் அறியாத ஓர் ஆசிரியர் அவற்றைத் திருத்தி அனுப்புவார். விடுமுறை நாட்களில் சில நேர்முக வகுப்புகள் உண்டு. ஆண்டு முடிவில் தேர்வு மண்டபத்தில் அமர்ந்து எழுத வேண்டும். பார்ப்பதற்கு எளிது, ஆனால் வகுப்பறையின் கட்டாயம் இல்லாத இடத்தில் மனத்தின் கட்டாயம் வேண்டும். நான் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, பிள்ளையார் கோயிலில் முதல் தேங்காய் உடையும் வரை படிப்பேன்.

இனி, நான் கற்ற முதற்பாடத்தைச் சொல்ல வேண்டும். உரோமாபுரியின் வாணிகத்தைப் பற்றிய ஒப்படைப்பு அது. தமிழன் என்ற பெருமிதத்தோடு எழுதினேன். யவனரின் பொன் முழுவதும் நம் துறைமுகங்களிலே வந்து குவிந்தது என்றும், உலக வாணிகமே நம் கையில் இருந்தது என்றும் பக்கம் பக்கமாக முழங்கினேன். திரும்பி வந்த தாளில் நீண்ட திருத்தம் எதுவும் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே ஆங்கிலச் சொற்கள். அவற்றின் தமிழ் இது: "சான்று எங்கே?"

அன்று எனக்குச் சினமே வந்தது. இரண்டு நாள் கழித்துச் சான்று தேடத் தொடங்கினேன். தேடியபோது வியப்பு வந்தது; ஏனெனில் சான்று இருந்தது; ஆனால் நான் எழுதிய வடிவில் இல்லை. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பயண நூல் முசிறியையும் குமரியையும் குறிக்கிறது. உரோம நாட்டுப் பிளினி, கீழ்நாட்டுப் பொருள்களுக்காகத் தன் நாட்டுச் செல்வம் வெளியேறுவதை எண்ணி வருந்துகிறார். தாலமி, குமரிக்கு அருகே ஆய் நாட்டைக் குறிப்பிடுகிறார். நாம் வாழும் இத்தென்கோடி அந்த ஆய் வேளிர் ஆண்ட பகுதியே. வியன்னா நகரில் காக்கப்படும் பாப்பிரசுத் தாள் ஒன்று, முசிறியிலிருந்து கப்பலேறிய சரக்கைப் பற்றியது. 1985இல் அது முதன்முதலாக அச்சில் வெளிவந்தது. அதில் யானைத் தந்தமும் துணியும் நறுமணப் பொருளும் வருகின்றன. நான் முழங்கிய உலக ஆதிக்கம் வரவில்லை; வருவது கடன், சரக்கு, சுங்கம் ஆகியவையே. அரசர் பெருமையைவிட வணிகன் கணக்கே பழமையை நம் அருகில் கொண்டுவருகிறது. இதனை அண்ணாச்சியிடம் சொன்னபோது, முதன்முறையாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கணக்குத் தாளா? அதில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

வட பரவூருக்கு அருகே பட்டணம் என்னும் சிற்றூரில் 2007ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பட்டணமே முசிறி என்பார் உளர். அது இன்னும் உறுதியாகவில்லை என்பாரும் உளர். இரு சாராரும் ஒரே ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். அவ்வாதத்தின் அழகை உணர்வதற்கே எனக்கு ஓராண்டு ஆயிற்று.

தொலைவில் உள்ள உரோமாபுரியைப் படிக்கப் போன நான், இவ்வாறு என் தெருவுக்கே திரும்பி வந்தேன். பழவங்காடியிலிருந்து சாலைத் தெரு வழியே கிழக்கு நோக்கி நடந்தால், கிள்ளிப்பாலத்தைக் கடந்து வலியசாலை வரும். தமிழர் பலகாலமாக வாழும் பகுதி அது. பழைய கல்வெட்டுகளில் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில்தான் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். முதல் இராசராசன் தன் நான்காம் ஆட்சியாண்டிலிருந்தே, காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததைத் தன் வெற்றியாகப் பறைசாற்றுகிறான். கலம் என்றால் என்ன? மரக்கலம் என்று கொண்டவர்கள், சோழன் சேரனின் கப்பற்படையை அழித்தான் என்றனர். உண்கலம் என்று கொண்டவர்கள், சாலையில் நடந்த உணவு வழங்கும் ஏற்பாட்டை அவன் மாற்றியமைத்தான் என்றனர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இச்சிக்கலில் ஆழ்ந்து காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். எம். ஜி. எஸ். நாராயணன் 1970இல் அதனை ஒரு கல்விநிலையமாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்தார். ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு கடற்போரே மறைந்துவிடும்! ஒரு சொல் தவறினால் ஒரு கோப்பு முழுவதும் தடம் மாறும் என்பதை நாள்தோறும் காணும் எனக்கு, இப்பாடம் நெஞ்சில் தைத்தது.

அச்சாலை எப்படி நடந்தது என்பதை அறிய ஒரு செப்பேடு நமக்கு உதவுகிறது. திருவனந்தபுரத்து ஹுசூர்க் கச்சேரியில் கிடந்ததனால் அதற்கு ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர். ஆய் அரசன் கருநந்தடக்கன், 866ஆம் ஆண்டில், முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். அதனோடு, காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே, தொண்ணூற்றைந்து சாத்திரர்க்கு ஒரு சாலையும் அமைத்தான். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அதுவும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. சாலையில் சேர்வதற்குக் கல்வித் தகுதி வேண்டும். ஒருவரை ஒருவர் இகழ்ந்து பேசினால் தண்டம். படைக்கலம் ஏந்தி அவைக்கு வரலாகாது. இத்தகைய விதிகளைப் படிக்கும்போது, ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட மாணவர்களின் குறும்பும் பூசலும் நம் காதில் விழுகின்றன. ஓரிடத்துக் கல்விநிலையத்தின் ஒழுங்கை வேறோரிடத்தில் அப்படியே நிறுவிய செய்தி, நம் காலத்துப் பல்கலைக்கழகங்களின் கல்வி மையங்களை எனக்கு நினைவூட்டியது.

இங்கே நான் மகிழ்ந்து நின்றிருக்கலாம். ஆனால் ஓரத்துச் சிவப்பு மை என்னை நிற்கவிடவில்லை. அத்தொண்ணூற்றைந்து இடங்களும் யாருக்கு? செப்பேடே சொல்கிறது: மூன்று வேதப் பிரிவினர்க்கு நாற்பத்தைந்தும் முப்பத்தாறும் பதினான்குமாகப் பகுக்கப்பட்டவை அவை. வேதியர் அல்லாதார்க்கு இடமில்லை. பெண்டிர்க்கு இடமில்லை. அச்சாலைக்கு நெல் விளைவித்தவனின் மகன் அதன் வாயிலை மிதித்திருக்க முடியாது. அந்நிலை செப்பேட்டுக் காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. இந்நகருக்கு அருகே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போராட வேண்டியிருந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறப்பித்த பின்னரே கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. நம் பழமையில் ஒளி உண்டு. அவ்வொளியை அடைத்த கதவும் உண்டு. இரண்டையும் காட்டாத வரலாறு அரை வரலாறே.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு விடை கிட்டிவிட்டது. எனக்கு நேர்முக வகுப்புகளில் பக்கத்தில் அமர்ந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர். மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். தன் மகளோடு சேர்ந்து தேர்வு எழுதிய ஒரு தாய். காந்தளூர்ச் சாலை இவர்களுள் ஒருவரையும் சேர்த்திராது. அஞ்சல்காரரோ, எல்லார் வீட்டு வாயிலிலும் ஒரே புத்தகக் கட்டைத்தான் வைத்துவிட்டுப் போகிறார். பழமையைப் பயிலும் உரிமை இன்று பிறப்பால் வருவதன்று. அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது, அதற்காகப் போராடியவர்க்கு நாம் படும் கடனை மறப்பதாகும்.

இக்கல்வியின் குறைகளையும் மறைக்கலாகாது. நூல் வரும், நூலகம் வராது. கல்வெட்டின் படம் வரும். கல்லைத் தடவி எழுத்தறியும் பயிற்சி வராது. ஐயம் எழும்போது கேட்பதற்கு ஆசிரியர் எதிரில் இருக்கமாட்டார். முதல் ஆண்டோடு நின்றுவிடுவோர் பலர். ஆதலால் தனியே படிக்கத் தொடங்குவோர் இரண்டு துணைகளைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒன்று, உடன் படிப்பவர். நாங்கள் நால்வர் ஞாயிறுதோறும் என் மாடியில் கூடினோம். அதனாலேயே நால்வரும் தேறினோம். மற்றொன்று, தாம் வாழும் மண். பழவங்காடியிலிருந்து கோட்டைக்குள் சிறிது தூரம் நடந்தால், ஆவணக் காப்பகத்தில் 2022இல் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகம் உள்ளது. வட்டெழுத்தும் பழைய தமிழும் எழுதிய ஓலைகளை அங்கே கண்ணால் காணலாம்.

வெளியூரில் இருக்கிறோமே, நம் வரலாறு எங்கோ இருக்கிறதே என்று ஏங்கும் அன்பர்களுக்கும் இதையே சொல்வேன். பெங்களூரில் வாழ்பவர் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குச் செல்லட்டும். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கல்கத்தாவில் வாழ்பவர் 1814இல் நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் தூபியின் கல்வேலியைக் காணட்டும். மும்பையில் வாழ்பவர் கன்னேரிக் குகைகளுக்கு ஏறட்டும். அவை தமிழருடையவையா என்பது முதற் கேள்வியாக இருக்க வேண்டுவதில்லை. யார் செய்தார், யார் பொருள் கொடுத்தார், யார் உள்ளே நுழையலாம், யார் நுழையலாகாது என்று கேட்கப் பழகினால், எந்த ஊரும் அயலூராக இராது.

பட்டச் சான்றிதழ் வந்த பின், ஒருநாள் அண்ணாச்சியை வலியசாலைக்கு அழைத்துச் சென்றேன். கோயிலைச் சுற்றி வந்து, நிழலில் நின்றோம். "காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்ததா, தம்பி?" என்று கேட்டார்.

"இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள், அண்ணாச்சி. ஊர்ப் பெயரிலே சாலை என்பது நிற்கிறது. ஆனால் பெயர் ஒத்திருப்பது மட்டுமே சான்றாகிவிடாது" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "முன்பெல்லாம் இருந்தது என்று அடித்துச் சொல்வீர்களே!" என்றார். பிறகு தாமே, "கணக்கிலும் அப்படித்தான். சீட்டு இல்லாத வரவை நான் ஏட்டில் ஏற்றுவதில்லை" என்றார்.

மூன்றாண்டுகளில் நான் கற்றதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில், அடுத்த சேர்க்கை எப்போது என்று அவர் கேட்டார். பேத்திக்காகத்தான் என்றார். விண்ணப்பப் படிவத்தை அவரிடமே கொடுத்திருக்கிறேன்.